மூன்றாம் வால்வு

ஏலூர்,
4.8.2025

மஞ்சுஷாவுக்கு,

செல்வலட்சுமி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் நம்பரை என் போனில் பிளாக் செய்து ஆறு நாள் ஆகிறது. ஊரே கேட்கிற உன் குரலை நான் வேறு கேட்க வேண்டாம் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

பாட்டை நானாகத் தேடிக் கேட்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் போனில் போட்டாள். ‘கண்டல் பாட்டுக் கூட்டம், மட்டாஞ்சேரி’ என்று எழுத்து ஓடியது. பச்சைச் சட்டை போட்ட எட்டுப் பெண்கள், நடுவில் என் தங்கை. வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கிற பெண்களே பாட்டுக் கட்டுகிறார்கள், யாரோ தூக்கிப் போட்ட நீலப் பீப்பாயை மேளமாகத் தட்டுகிறார்கள் என்று வரிசையில் எல்லாருக்கும் அதிசயம். எனக்கு என்ன அதிசயம்? நீ கட்டிய உப்பங்கழிக் கண்டல் மரப் பாட்டையும், நீர்நாய்ப் பாட்டையும், வாய்க்காலைத் தூர்க்காதே என்ற பாட்டையும் இந்த ஏலூரில் பரப்பியவளே நான்தான். ‘என் தங்கச்சியாக்கும்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாயை இப்போது கழுவிக்கொண்டிருக்கிறேன்.

‘மழை வரட்டும்னு காத்திருந்து மூணாம் வால்வு திறந்த கை,
எங்க வீட்டுக் கஞ்சியிலே உப்பெடுத்துப் போட்ட கை.’

இது யார் கை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் அத்தான் உன் வீட்டுக்கு வந்தார். நீ ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு உன் முன்னால் உட்கார்ந்து அழுதார். மே மாதம் கோடை மழை கொட்டிய ஒரு மத்தியானம், கம்பெனியின் கழிவுத் தொட்டியில் மூன்றாம் வால்வை ஆற்றுக்குத் திறந்துவிட்டது தான்தான் என்று சொன்னார். மறுநாள் பெரியாறு முழுக்க மீன் செத்து மிதந்ததைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை என்று சொன்னார். மனசு தாங்காமல் சொன்ன பேச்சு. நீ அதற்கு மெட்டுப் போட்டாய்.

போன வாரம் சூப்பர்வைசர் கேன்டீனில் எல்லாரும் கேட்க உன் பாட்டைப் போட்டிருக்கிறார். “எடா சுடலை, இந்த வால்வுக்கெல்லாம் நம்பர் உண்டுன்னு மட்டாஞ்சேரியில குப்பை எடுக்கிற பெண்ணுங்களுக்கு யாருடா சொன்னது? உன் கொழுந்தியாதானே அது?” என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லத் தெரிந்த மனிதரா? இரண்டு நாள் கழித்துக் காலையில் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். “சேட்டா, உங்க பாஸ் ரத்தாயிருக்கு” என்று அந்தச் செக்யூரிட்டிப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னானாம். பதினான்கு வருஷம் போய்வந்த கேட். தூக்குச்சட்டியைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த வீடியோவை எடுத்துவிடு. செப்டம்பர் பதினான்காம் தேதி உங்கள் பக்கத்து ‘வெளி’ மைதானத்தில் உங்கள் நிகழ்ச்சி என்று போஸ்டர் பார்த்தேன். அங்கே இதைப் பாடக் கூடாது. கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

செல்வலட்சுமி

மட்டாஞ்சேரி,
9.8.2025

அக்காவுக்கு,

மஞ்சு எழுதுகிறேன். மலையாளம் என்றால் எனக்குக் கை ஓடும். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

அத்தானுக்கு வேலை போனது எனக்குத் தெரியாது. சத்தியம். ஆனால் வீடியோவை எடுக்க மாட்டேன். வெளி மைதானத்திலும் பாடுவோம்.

வீடியோவில் பீப்பாய் தட்டுகிற பெண்ணைப் பார்த்தாயா? கறுப்பாக, ஒல்லியாக, ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பெயர் பொன்மணி. சேரானல்லூர்ப் பக்கம் ஆற்றில் கூண்டு போட்டு நாலு பெண்களாகச் சேர்ந்து கரிமீன் வளர்த்தவள். ஓணத்துக்குப் பிடிக்கலாம் என்று வைத்திருந்த மீன். ஒரே காலையில் அத்தனையும் போயிற்று. இப்போது என்னோடு மட்டாஞ்சேரிச் சந்துகளில் சாக்குத் தூக்குகிறாள். இந்தப் பாட்டின் தாளம் என்னுடையது இல்லை, அவளுடையது. தீனி போடும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து ‘சப் சப் சப்’ என்று தின்னுமாம். அந்தச் சத்தத்தை அவள் விரல் நுனியால் பீப்பாய் விளிம்பில் தட்டிக் காட்டினாள். நாங்கள் மற்ற ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டோம். அன்றைக்கே பாட்டுப் பிறந்துவிட்டது. மீன் சாகிற இடத்தில் அவள் கையை எடுத்துவிடுவாள். அங்கே மேளம் கிடையாது. அந்த இடத்தில்தான் ஜனங்கள் அழுகிறார்கள்.

நீ சொல்கிற அந்த இரண்டு வரியையும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாள். யார் கை என்று அவளுக்குத் தெரியாது. அதை நான் எப்படிச் சுமக்கிறேன் என்று நீ ஒரு தரமாவது யோசித்தாயா?

யாரிடமும் சொல்லாதே என்று அத்தான் என்னிடம் சொல்லவில்லை. நான் பெயரும் போடவில்லை, கம்பெனியையும் போடவில்லை. ஆறு செத்தது பொய்யா? திறந்தது பொய்யா? நீ பாட்டைப் பொய் என்று சொல்லவில்லை, பாடாதே என்றுதான் சொல்கிறாய். எப்போதும் உனக்கு அது ஒன்றுதான். அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடை இறங்குகிறார் என்று சொல்லாதே, கொச்சங்காடியில் துப்புரவுத் தொழிலாளர் லைனில் வீடு என்று சொல்லாதே. கல்யாணம் ஆகி ஏலூர் போனதும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க உனக்கு எத்தனை ஓணம் ஆயிற்று? குப்பை எடுக்கிறவள் பாட்டுக் கட்டிப் பெயர் வாங்கியதும் ‘என் தங்கச்சியாக்கும்’!

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அத்தான் இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்து அழுதார். பக்கத்தில் இருக்கிற உன்னிடம் ஏன் அழவில்லை?

மஞ்சு

ஏலூர்,
16.8.2025

மஞ்சுஷாவுக்கு,

அந்தக் கடைசி வரியை எழுதும்போது உனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்கும். இப்போது இதைப் படி.

அவர் என்னிடம் அன்றைக்கே சொன்னார். நனைந்த சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று சொன்னார். “செல்வி, இன்னைக்கு ஒரு காரியம் செய்ய வச்சிட்டாங்க” என்றார். நான்தான் “யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க, நம்ம அம்மு பிளஸ் டூ முடிக்கட்டும்” என்று சொன்னேன். நான் கதவை அடைத்ததால்தான் உன் வீட்டைத் தேடி வந்தார். உன் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆற்றுக் கடவுக்குப் போனவளும் நான்தான். தண்ணீரே தெரியவில்லை. கரை முழுக்க வெள்ளை வயிறு. ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு மீனாகத் தொட்டுப் பார்த்தாள். எதிலாவது உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கீழே விட்டாள். கறுப்பாக, ஒல்லியாகத்தான் இருந்தாள். உன் பொன்மணியோ வேறு யாரோ. நான் அவளுக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இதற்கும் ஒரு வரி கட்டிக்கொள்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லையாம். சாப்பிட உட்காருகிறவன் கஞ்சியில் விஷம் வைக்காதே என்று சொல்லிவிட்டா உட்காருவான்?

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அப்பா வேலை முடிந்து வரும்போது வாசலில் தண்ணீர் ஊற்றியவள் நான். நீ அப்போது குழந்தை. வாசனை எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நான் மறைத்தேன் என்றால் வெட்கப்பட்டு மறைத்தேன். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ அதையே மேடையில் ஏற்றிக் கைதட்டு வாங்குகிறாய். இரண்டில் எது பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், சாயா குடித்தார்கள். பாட்டில் வருவதெல்லாம் கற்பனை, வால்வு என்பது சும்மா எதுகைக்குப் போட்ட சொல், யாரும் தகவல் தரவில்லை என்று பாட்டுக் கட்டியவள் எழுதிக் கொடுத்தால் அவருக்கு பாஸ் திரும்பக் கிடைக்கும். அவர்களே டைப் அடித்துக் கொண்டுவந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆகஸ்ட் முப்பத்தொன்று வரைதான் கெடு.

அவர் காலையில் எழுந்து குளித்து வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஷிப்ட் முடிகிற நேரம் எழுந்து கழற்றுகிறார். இதைப் பார்த்துக்கொண்டு நான் உனக்கு எழுதுகிறேன்.

செல்வலட்சுமி

மட்டாஞ்சேரி,
30.8.2025

அக்காவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு நாள் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். போட முடியவில்லை. நீ என்னை என்ன சொன்னாலும் சரி.

கையெழுத்துப் போடுவதென்றால் முதலில் பொன்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற ஷெட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது சொன்னேன். அது என் அக்கா புருஷன் கை என்றேன்.

கையில் இருந்த பால் கவர்க் கட்டைக் கீழே வைத்தாள். “நெசமாக்கா?” என்றாள்.

“நெசம்தான்.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“பாட்டுக் கட்டுறதுக்கு முன்னாடியே.”

“அப்போ இத்தனை நாளா என் பக்கத்துல உக்காந்து, தெரிஞ்சுக்கிட்டே என்னைப் பாட வச்சீங்க.”

அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் தானாக வந்தாள். என்னைப் பார்க்காமல், சாக்கை விரித்துக்கொண்டே கேட்டாள்:

“அவரா நினைச்சா திறந்தாரு?”

இல்லை, இன்னொருத்தர் சொல்லித்தான் திறந்தார் என்றேன்.

“சொன்னது யாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?”

சொன்னார் என்றேன்.

“அப்போ திறன்னு சொன்ன வாய் எங்கே உங்க பாட்டுல? திறந்த கை மட்டும்தானே இருக்கு?”

அக்கா, உன் இரண்டு கடிதத்தில் நீ திட்டியது எதுவும் எனக்கு இப்படி உறைக்கவில்லை. அத்தான் அன்றைக்கு என்னிடம் சூப்பர்வைசர் பெயரைச் சொன்னார், அவருக்கு மேலே இருந்து போன் வந்ததையும் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரியும். பாட்டுக் கட்டும்போது அதையெல்லாம் விட்டுவிட்டேன். ‘கை’ என்றால் மெட்டில் நன்றாக உட்காருகிறது என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. கம்பெனியைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், வெளி மைதானத்தில் மேடை கிடைக்காது என்று பயந்தேன். அத்தான் நோட்டீஸ் அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பாடியதற்காகக் கேட்கவில்லை.

பொன்மணியும் நானும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவளே இரண்டு வரி கட்டிக் கொடுத்திருக்கிறாள். வெளி மைதானத்தில் அதையும் சேர்த்துப் பாடுவோம்:

‘கைய மட்டும் பழிக்காதே, கைக்கு மேல வாயிருக்கு.
திறன்னு சொன்ன வாயக் கேளு, வாய்க்கு மேல யாரிருக்கு?’

அத்தானிடம் இதைப் படித்துக் காட்டு. படித்துக் காட்டுவாயா?

மஞ்சு

ஏலூர்,
3.9.2025

தாள் நேற்று வந்தது. கெடு அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்தது. புது வரிகளையும் படித்தேன். வாய் ஒன்று இருந்தது என்று இவரைத் தவிர யார் சொல்லியிருக்க முடியும் என்று கம்பெனியில் யோசிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறாயா? ஒரு தரம் காட்டிக்கொடுத்தது போதாதென்று இரண்டாம் தரமும்.

நான் படித்துக் காட்டவில்லை. ஓணத்துக்கு இந்தப் பக்கம் வராதே.

செ.

5.10.2025

மஞ்சுஷாவுக்கு,

நடந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். பாதி தெரிந்துகொண்டு நீ மீதியை இட்டுக்கட்டுவாய். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் படித்துக் காட்டாவிட்டால் என்ன, அம்மு காட்டிவிட்டாள். பதினான்காம் தேதி மத்தியானம் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “கொழுந்தியா பாட்டுக் கேட்கப் போறேன்” என்றார். தடுத்தேன். நிற்கவில்லை. பின்னாலேயே நானும் வந்தேன். எறணாகுளத்தில் போட்டில் அவர் முன்பக்கம், நான் பின்பக்கம்.

வெளி மைதானத்தில் நாங்கள் மழைமரத்தடியில், சாயாக்கடைக்குப் பக்கத்தில் நின்றோம். நீ எங்களைப் பார்க்கவில்லை. கூட்டம் அப்படி. நன்றாகத்தான் பாடினாய். மீன் சாகிற இடத்தில் அவள் பீப்பாயில் இருந்து கையை எடுத்தாள், மைதானத்தில் காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கடவு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அவளேதான். அவ்வளவு தூரத்தில் இருந்தும், அவள் திரும்பியபோது முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்ததும் அவர் கூட்டத்துக்குள் நடந்தார். நீ அப்போது சானல்காரர்கள் நீட்டிய மைக்கில் ஆற்றைக் காப்பாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அவர் உன்னிடம் வரவில்லை. மேடைக்குப் பின்னால் பீப்பாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பொன்மணியிடம் போனார். நானும் ஓடினேன்.

“அம்மா, அந்தக் கை என்னுதுதான்” என்றார்.

அவள் கயிற்றை விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்தாள், இரண்டு கையையும். பிறகு, “இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? எனக்குக் கேட்டு என்ன ஆகப்போகுது? கேக்க வேண்டியவங்க எறணாகுளத்துல ஆபீஸ் போட்டு உக்காந்திருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க” என்றாள்.

“தனியாப் போக எனக்குத் தைரியம் இல்லம்மா.”

அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “நாளைக்குக் காலைல போட் ஜெட்டிக்கு வாங்க. நான் கூட வர்றேன். உங்களுக்காக இல்ல” என்றாள்.

மறுநாள் மீன் செத்ததை விசாரிக்கிற குழுவிடம் இவர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். தேதி, நேரம், எந்த வால்வு, யார் சொன்னது, போன் எங்கிருந்து வந்தது. நான்கு பக்கம். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். முடிந்ததும் ஒரு சாயா கூடக் குடிக்காமல் போய்விட்டாளாம். நீ அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் பையனும் அதே கம்பெனியில் காண்டிராக்ட். பத்து நாளில் காலி செய்யச் சொன்னார். வாய்க்கால் சண்டைக்குக் கூட வராத பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, “எங்க பிள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டானே உன் புருஷன்” என்று கத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாசம் முன்னால் நானும் அதையேதான் உனக்கு எழுதினேன். அம்மு வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்று டி.சி. வாங்கச் சொன்னாள். வாங்கிவிட்டோம்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். அவருக்கு ஒரு மரக்கடையில் ஏற்றுக்கூலி வேலை. விசாரணைத் தேதிக்கு மட்டும் எறணாகுளம் வருவார். அப்போது அவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்காதே. யார் கேட்டாலும் எதையும் சொல்லிவிடுகிற ஆள் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

இராத்திரி அவர் இப்போது தூங்குகிறார். சோறும் இறங்குகிறது. “நல்ல பாட்டுதான் கட்டியிருக்கா” என்று ஒரு நாள் தானாகச் சொன்னார். அவருக்கு உன் மேல் கோபம் கிடையாது. எழுதிக் கொடுத்தது சரி என்று எனக்கும் தெரிகிறது. தெரிவதால் உன் மேல் இருக்கிற கோபம் குறையவில்லை, என்ன செய்ய?

பாட்டைக் கட்டி முடித்ததும், நீ அதை ஊருக்குப் பாடுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலுவா பஸ் ஏறி, களமசேரியில் மாறி, என் வீட்டுக்கு வந்திருக்கலாம். என் அடுக்களையில் உட்கார்ந்து எனக்குப் பாடிக் காட்டியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கையில் இருந்ததை எடுத்து அடித்துக்கூட இருப்பேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதிருப்போம். சாயங்காலத்துக்குள் அந்த வாயும் பாட்டுக்குள் வந்திருக்கும், இவர் உன்னோடும் என்னோடும் அந்த ஆபீஸ் படி ஏறியிருப்பார். அந்நியப் பெண் ஒருத்தி, இவரால் எல்லாம் இழந்தவள், துணைக்குப் போனாள். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். நீ பாடிக்கொண்டிருந்தாய்.

மேலே விலாசம் எழுதவில்லை. மறதி இல்லை.

செல்வலட்சுமி